மூடி வைத்த கோப்பை

விடத்தல்தீவு,
12.02.2012

சுபா அக்காவுக்கு,

போனில் கதைச்சால் நீங்கள் "சரி விடு, சரி விடு" எண்டு கதையை முடிக்கப் பாக்கிறியள். எனக்கு அழுகை வந்து நான் வெட்டிப்போடுறன். பிறகு அம்மா "என்னவாம் கொக்கா?" எண்டு கேட்டால் சொல்ல ஒண்டுமில்லை. அதால இனிமேல் எழுதப்போறன். எழுதினால் நீங்கள் குறுக்கால கதைக்க ஏலாது.

இஞ்ச வந்து ஒரு வருசமாகப்போகுது. காணுற சனமெல்லாம் "திரும்பி வந்திட்டியள், சந்தோசம்" எண்டு சொல்லுகினம். அம்மா திரும்பி வந்தவ, சரி. திருச்சி அகதி முகாமில் பிறந்த நான் எங்க திரும்பினது? எனக்கு இது புது ஊர். வாயைத் திறந்தால் சனம் சிரிக்குது. முன்பள்ளியில் போன கிழமை "பீரோவுக்குள்ள பொம்மை இருக்கு, எடுங்க" எண்டு சொன்னன். ஒரு குஞ்சுப் பெட்டை எழும்பி நிண்டு "ரீச்சர், பீரோ ஆர்?" எண்டு கேட்டுது. அலுமாரி எண்டு சொல்லியிருக்க வேணுமாம். என்னோட படிப்பிக்கிற சபூரா ரீச்சர் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. அவவும் புத்தளத்தில் வளர்ந்து இப்பதான் ஊருக்கு வந்தவ. "என்னையும் உப்பிடித்தான் பகிடி பண்ணுறாங்கள். பழகிடும் பிள்ளை" எண்டா. எனக்குப் பழகேல்லை.

எழுத இடமில்லை அக்கா. வீட்டுக்குள்ள தகரம் கொதிக்குது. கோயில் வேப்பமரத்துக்குக் கீழ இருந்தால் போற வாற சனம் "ஆருக்குப் பிள்ளை கடிதம்?" எண்டு கேக்குது. இறங்குதுறையில் இருந்தால் காத்து கடதாசி ஒற்றையைப் பறிச்சுக்கொண்டு போகுது. கடைசியில், முன்பள்ளி விட்டாப் பிறகு பிள்ளையளின்ர குட்டிக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்டக் குந்திக்கொண்டு எழுதுறன். ஒரு பந்தி எழுதுவன். எழும்பி யன்னலால பாப்பன். திரும்ப அதே பந்தியை எழுதுவன். இடையில தோணி வலிக்கப் பழகினன், பாதியில விட்டிட்டன். குருவியளைப் பென்சிலால கீறிப் பாத்தன், அதையும் விட்டிட்டன். ஒண்டிலும் மனம் நிக்குதில்லை. இருபத்தைஞ்சு வயசுக்குள்ள ஒரு புத்தகம் போடவேணும் எண்டது மட்டும் மனசில நிக்குது. சிரிக்காதேங்கோ.

இதோட ஒரு கதை வைச்சிருக்கிறன். "மூடி வைத்த கோப்பை." அண்ணனைப் பற்றினது. அம்மா ஒவ்வொரு பின்னேரமும் றொபேட் அண்ணனுக்கெண்டு ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைக்கிறா, விடிய அதைப் பழஞ்சோறாத் தான் சாப்பிடுறா. இது உங்களுக்குத் தெரியாது. அவ ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை. கதையில் மட்டும் முடிவு வேற. ஒருநாள் அந்தத் தாய் சோறு போடாமல் கோப்பையைக் கழுவி அடுக்கில கவிழ்த்து வைச்சிட்டு வந்து மகளோட இருந்து சாப்பிடுறா. அவ்வளவுதான்.

நீங்கள் வேலை செய்யிற ஜெராக்ஸ் கடையில் இதைத் தமிழில் ரைப் அடிச்சு, அங்க வாற அந்த மாத இதழுக்கு அனுப்புவியளோ? என்னட்டக் கம்பியூட்டர் இல்லை. உங்களைவிட எனக்கு ஆருமில்லை.

கொன்ஸ்ரன் அத்தானையும் சுவேதினிக்குட்டியையும் கேட்டதாச் சொல்லுங்கோ.

ஜெனிற்றா


திருச்சி,
18.03.2012

என்ர ஜெனிக்கு,

உன்ர கடிதத்தை அடுப்படியில நிண்டு வாசிச்சுச் சிரிச்சன். "பீரோ ஆர்?" எண்டதை அத்தானுக்குச் சொல்ல அவரும் பெயின்ற் கையோட நிண்டு சிரிச்சார். கதையைக் கடையில் வைச்சு வாசிச்சன். அதுதான் பிழையாப் போச்சு. முதலாளி வந்து "என்னம்மா, கண்ணுல தூசியா?" எண்டு கேட்டார். ஓம் எண்டன்.

அம்மா கோப்பை வைக்கிறது எனக்குத் தெரியாது. ஒரு வருசமா என்னட்டச் சொல்லாமல் அதைக் கதையில எழுதி எனக்கு அறிவிக்கிறாய், என்ன?

நல்லா எழுதியிருக்கிறாய். அதைச் சொல்லாமல் விட்டால் பொய். ஆனால் முடிவை என்னால ஏற்க ஏலாது. நீ அவனைச் சாகடிச்சுப்போட்டாய், ஜெனி. "செத்தான்" எண்ட சொல்லு இல்லை எண்டு சொல்லாதை. தாய் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தால் அதுக்கு வேற என்ன கருத்து?

சமாதான காலத்தில அண்ணன் ஊருக்குப் போகேக்க உனக்குப் பதினொரு வயசு. உனக்கு அவன் சுவரில தொங்குற போட்டோ. எனக்கு அப்பிடியில்லை. தொண்ணூறாம் ஆண்டு வள்ளத்தில வரேக்க நான் கடலுக்குள்ள விழுந்துபோவன் எண்டு என்ர பின்னலைத் தன்ர கையில சுத்திப் பிடிச்சுக்கொண்டு வந்தவன். அவனும் அப்ப சின்னப் பெடியன்தான். இறங்கேக்க என்ர தலையெல்லாம் நோ. நான் அழ, "முடி போனால் முளைக்கும், நீ போனால் முளைப்பியோ?" எண்டு கேட்டவன். இப்பிடி ஒருத்தனை நீ ஒரு கோப்பையோட சேர்த்துக் கழுவிப்போட்டாய்.

கடைசிச் சண்டைக்குப் பிறகு ஒருத்தரும் அவனைக் காணேல்லை எண்டது உண்மைதான். செத்ததையும் ஒருத்தரும் காணேல்லை.

முடிவை மாத்து. மாத்தினால் நாளைக்கே அடிச்சு அனுப்புறன்.

சுபா


விடத்தல்தீவு,
10.04.2012

அக்கா,

ஈஸ்ரர் பெரியநாள் முடிஞ்ச கையோட இதை எழுதுறன். வீடு முழுக்கச் சனம் வந்து போச்சு. எல்லாரும் அம்மாவிட்ட "மூத்தவள் எப்ப வாறாள்?" எண்டு கேட்டவை. அம்மா "வருவாள்" எண்டு சொன்னவ. உங்களைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் கேட்டால் அம்மாவிட்ட இருக்கிறது அந்த ஒரே மறுமொழிதான்.

முடிவை மாத்த மாட்டன்.

எனக்கு அண்ணனைத் தெரியாது எண்டு எழுதியிருக்கிறியள். உண்மை. அவரைத் தெரிஞ்ச நீங்கள் அழுதால் போதும். தெரியாத நான் என்ன செய்யிறது? எழுதித்தானே பாக்கவேணும்? உங்கட பின்னலை அவர் பிடிச்ச கதைகூட எனக்கு இப்பதான் தெரியும். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறதில்லை. ஆனால் அவருக்காக ஊருக்குப் போகவேணும் எண்டு வரேக்க மட்டும் என்னைத்தான் கூப்பிட்டவை.

அம்மா அண்டைக்கு "அவன் தேடி வந்தால் வீட்டில ஒரு ஆள் இருக்கவேணும்" எண்டு சொல்ல, நீங்கள் "எனக்குக் குடும்பம் இருக்கு" எண்டியள். எல்லாரும் தலையாட்டிச்சினம். நான் "எனக்குக் கல்லூரி இருக்கு, இரண்டாம் வருசம்" எண்டன். அதுக்கு ஒருத்தரும் தலையாட்டேல்லை. நினைவிருக்கோ?

யாழ்ப்பாணத்துப் பேப்பர் ஒண்டுக்கு அனுப்பின என்ர வேற ஒரு கதை திரும்பி வந்திட்டுது. "மொழி இரண்டும்கெட்டானாக இருக்கிறது" எண்டு சிவப்பு மையில எழுதியிருந்தினம். அவையள் சொன்னது சரி. நானே இரண்டும்கெட்டான்தான். இந்தக் கதையில மட்டும்தான் நான் ஒரு மொழிக்குள்ள நிண்டு எழுதினனான், அம்மாவின்ர மொழி. ஒரு எழுத்தும் மாத்தாமல் அனுப்புங்கோ. இல்லாட்டி திருப்பி எனக்கே அனுப்புங்கோ.

ஜெனிற்றா


திருச்சி,
21.06.2012

ஜெனிக்குட்டி,

வந்திட்டுது! உன்ர கதையை எடுத்திட்டினம். அடுத்த இதழில வருதாம். ஆசிரியர் கடைக்கே போன் எடுத்து "ஜெனிற்றா அம்மா இருக்காங்களா?" எண்டு கேட்டார். நான் "தங்கச்சி, இலங்கையில இருக்கிறா" எண்டன். "நல்லா எழுதுறாங்க, தொடர்ந்து எழுதச் சொல்லுங்க" எண்டார். சுவேதினி முகாம் முழுக்க ஓடி ஓடிச் சொல்லிப்போட்டாள், "என் சித்தி எழுத்தாளர்" எண்டு. நான் கேசரி கிண்டி அயலுக்குக் குடுத்தன்.

ஒண்டிரண்டு இடத்தில கை வைச்சனான். இஞ்சத்தச் சனத்துக்கு விளங்கவேணுமே. கோப்பை எண்டால் இவங்கள் ரீ குடிக்கிறது எண்டு நினைப்பாங்கள். கோவிக்காதை. இதழ் வந்த உடன தபாலில போடுறன்.

சுபா அக்கா


விடத்தல்தீவு,
19.08.2012

சுபாஜினிக்கு,

இதழ் கிடைச்சது. தபால்காரனிட்ட வாங்கி றோட்டிலயே நிண்டு பிரிச்சன். என்ர பேர் அச்சில. ஒரு நிமிசம் உலகத்தில எனக்கு ஒரு குறையும் இருக்கேல்லை. பிறகு வாசிச்சன்.

கோப்பை தட்டாப் போச்சு. கதிரை நாற்காலியாப் போச்சு. அம்மா "என்ன மோனை" எண்டு கேட்ட இடத்தில "என்னம்மா கண்ணு" எண்டு கேக்கிறா. ஆர் அந்த மனுசி? சரி, அதைக்கூட விட்டிருப்பன். கடைசியில அண்ணன் முன் வாசலால உள்ள வாறாராம், தட்டைத் திறந்து சாப்பிடத் தொடங்குறாராம், தாய் பக்கத்தில இருந்து விசிறுறாவாம். அதுக்குக் கீழ என்ர பேர்.

இதை நீ எனக்குச் சொல்லாமல் செய்தாய். "ஒண்டிரண்டு இடத்தில கை வைச்சன்" எண்டு எழுதினாய்.

கேள், நடந்ததை. சபூரா ரீச்சர் ஆசையோட என்ர கதையை எல்லாருக்கும் காட்டினவ. பாதர் கொப்பி எடுத்துக் கோயில் பலகையில ஒட்டுவிச்சார். கதையை "நான்" எண்டுதானே எழுதியிருக்கிறன், ஊர்ப் பேரும் இருக்கு. அது வாய் மாறிப் போச்சு. போன புதன்கிழமை இலுப்பைக்கடவையில இருந்து ஒரு அம்மா பஸ் ஏறி எங்கட வீட்டுக்கு வந்தவ. பேர் றோசம்மா. நல்ல சீலை கட்டி, கையில ஒரு பெடியன்ர படத்தோட.

"நீதானே பிள்ளை ஜெனிற்றா? கொண்ணன் வந்திட்டானாம். அவனை எனக்கு ஒருக்காக் காட்டு. நான் கரைச்சல் குடுக்க மாட்டன். என்ர மகனை எங்கயும் கண்டவனோ எண்டு மட்டும் கேக்கவேணும்."

நான் "அம்மா, அது கதை" எண்டன்.

"ஓம் பிள்ளை, கதையில எழுதியிருக்கு எண்டுதான் சொன்னாங்கள்."

"கதையெண்டால் நடக்காதது. அண்ணன் வரேல்லை."

அவ என்னைத் தாண்டி வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தா. நான் ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சாவோ தெரியாது. பிறகு கேட்டா, "வரேல்லையெண்டால் வந்தவன் எண்டு ஏன் எழுதினனீ?"

நான் எழுதேல்லை எண்டு சொல்ல வாய் வந்தது. சொல்லேல்லை. என்ர பேர்தானே கிடக்கு.

வலையில நண்டு கழட்டிக்கொண்டிருந்த அம்மா எழும்பி வந்து அவவை உள்ள கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி குடுத்தா. ரெண்டு பேரும் கனநேரம் கதைச்சவை. என்ன கதைச்சவை எண்டு தெரியாது. பிறகு அம்மா அவவைப் பஸ்ஸில ஏத்திவிட்டிட்டு வந்து திரும்ப நண்டு கழட்டத் தொடங்கினா. என்னட்ட ஒரு கேள்வியும் கேக்கேல்லை. இண்டைவரைக்கும் கேக்கேல்லை. அதுதான் என்னால தாங்க ஏலாமல் கிடக்கு.

இனி எனக்கு ஒண்டும் ரைப் அடிக்க வேண்டாம்.

ஜெ.


திருச்சி,
30.09.2012

ஜெனி,

போன் எடுத்தால் நீ எடுக்கிறாயில்லை. அம்மா எடுத்து "பிள்ளை கிணத்தடியில" எண்டுறா. எப்ப பாத்தாலும் கிணத்தடியில.

முதன்முதலா என்னை நீ, வா, போ எண்டு எழுதியிருக்கிறாய். எழுதிக்கொள். அந்த றோசம்மாவை நினைச்சு நான் சாப்பிடாமல் கிடந்தன். அவ நல்ல சீலை கட்டிக்கொண்டு வந்தவ எண்டு எழுதினியே, அதை நீ எழுதாமல் விட்டிருக்கலாம். அவ பஸ்ஸுக்குள்ள என்ன நினைச்சுக்கொண்டு வந்திருப்பா எண்டதை விட்டு என்னால வெளிய வர ஏலாமல் கிடக்கு.

எப்பிடி நடந்தது எண்டு சொல்லுறன், கேள். உன்ர கதையை ஒரு எழுத்தும் மாத்தாமல்தான் அடிக்கத் தொடங்கினனான். மனதுக்குள்ள உனக்கு வாக்குக் குடுத்திட்டன். சொல்லுகளை மாத்தினது பிறகு, முதலாளி வாசிச்சு "இது புரியாதும்மா" எண்டு சொன்னதால. கடைசிப் பக்கம் வரேக்க, அந்தத் தாய் கோப்பையைக் கழுவுற இடத்தில, என்ர கை நிண்டுபோச்சு. அடுத்த வரியை அடிச்சால் நான்தான் அவனைச் சாகடிச்சது எண்டு ஒரு பயம். விசர் எண்டு நினை. அந்த வரிக்குப் பதிலா "வாசலில் நிழல் விழுந்தது" எண்டு அடிச்சன். பிறகு கை தன்பாட்டில ஓடிச்சுது. அவன் வந்தான். சாப்பிட்டான். நான் கடைக்குள்ள இருந்து அவன் சாப்பிடுறதைப் பாத்தன், ஜெனி. என்ர சீவியத்தில நான் எழுதின முதல் வரியள் அதுதான். எழுதுறது உப்பிடியெண்டு எனக்குத் தெரியாது. உனக்கு ஒவ்வொரு நாளும் உப்பிடித்தானோ இருக்கும்?

இதையும் சொல்லத்தான் வேணும். ஆசிரியரிட்ட இருந்து ஒரு கடிதம் வந்திருக்கு, உன்ர பேருக்கு. "முடிவு அபாரம், குறிப்பாக அந்தக் கடைசிப் பத்தி" எண்டு எழுதியிருக்கிறார். அனுப்பாமல் விடுவம் எண்டு பாத்தன். பிறகு அதுவும் ஒளிப்புத்தானே எண்டு இதோட வைச்சிருக்கிறன். கிழிக்கிறதெண்டால் கிழி.

செய்தது பிழை. உன்ர பேரில செய்தது பெரிய பிழை. ஆனால் அவன் என்ர தமையனும்தான். அதை மட்டும் நீ எனக்கு இல்லையெண்டு சொல்லாதை.

சுபா


விடத்தல்தீவு,
25.11.2012

அக்கா,

ஆசிரியற்ர கடிதத்தை வாசிச்ச அண்டைக்கு நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனன். எங்க எண்டில்லை. மன்னார் றோட்டால பாலியாறு வரைக்கும் போய், மழை பிடிச்சு, நனைஞ்சுகொண்டு திரும்பினன். நான் இவ்வளவு காலமும் எழுதினதில ஒருத்தன் பாராட்டின ஒரே பந்தி நீங்கள் எழுதினது. கோவம் எண்டு சொன்னால் காணாது. பொறாமை. சொந்த அக்காவில. இப்ப சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு ஒரு மாதம் ஒரு வரியும் எழுதேல்லை. பேனையை எடுத்தால் "இதையும் அக்கா நல்லா எழுதுவா" எண்டு ஒரு குரல்.

பிறகு ஒரு சனிக்கிழமை சபூரா ரீச்சரைக் கூட்டிக்கொண்டு றோசம்மாவைப் பாக்கப் போனன். மன்னிப்புக் கேக்கத்தான் போனது. அவ கேக்க விடேல்லை. "வந்தனீ, இரு" எண்டு சொல்லி மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா. சொல்லி முடிக்கேல்லை, பொழுதுபட்டிட்டுது. அவனுக்கு வெங்காயம் பிடிக்காதாம். பாடத் தெரியாதாம், ஆனால் பாடிக்கொண்டே இருப்பானாம். "நீ எழுதுற பிள்ளைதானே? வந்தான் எண்டும் எழுதவேண்டாம், வரேல்லை எண்டும் எழுதவேண்டாம். என்ர பிள்ளை எப்பிடி இருந்தவன் எண்டு எழுது" எண்டா. இப்ப சனிக்கிழமையில அங்கதான் போறன்.

அங்க இருந்து வந்த அண்டைக்கே அம்மாவிட்டச் சொன்னன், "அம்மா, கதையை வாசிக்கிறன், கேளுங்கோ." என்ர முடிவையும் வாசிச்சன், உங்கட முடிவையும் வாசிச்சன். ஆர் எது எழுதினது எண்டும் சொன்னன். அம்மா மீன் வெட்டிக்கொண்டு கேட்டா.

உங்கட முடிவுக்குச் சொன்னா: "இந்த வீட்டுக்கு முன் வாசல் எங்க கிடக்கு? கிணத்தடிப் பக்கத்தாலதானே வாறது. அவன் வந்தால் முதல் கால் கழுவாமல் உள்ளயும் வரமாட்டான்."

என்ர முடிவுக்குச் சொன்னா: "நான் எப்ப கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தனான்?"

"அது கதைக்காக அம்மா."

"கதை எண்டாலும் என்னைத்தானே எழுதியிருக்கிறியள் ரெண்டு பேரும். அவனை எழுதேல்லை. என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

நான் கேட்டன், அக்கா. இப்பதான் முதன்முதலாக் கேட்டன். "அண்ணன் வருவார் எண்டு நினைச்சோ வைக்கிறனீங்கள்?"

அம்மா அடுத்த மீனை எடுத்துச் செதில் சுரண்டினா. "சில நாள் அப்பிடி நினைச்சு வைப்பன். சில நாள் அப்பிடி நினைக்காமல் வைப்பன். ரெண்டு நாளும் வைப்பன்" எண்டா.

என்னால இப்பிடி ஒரு வசனம் எழுத ஏலாது. உங்களாலயும் ஏலாது.

இன்னொண்டு. நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் யாழ்ப்பாணத்துப் பேப்பருக்கு வேலைக்கு விண்ணப்பிச்சிருந்தன், பிழை திருத்துறதுக்கு. அதே சிவப்பு மைக்காரர்தான். கூப்பிட்டிருக்கினம், தை மாதமே வரச்சொல்லி. பின்னேரத்தில வெளிவாரியாப் படிப்பையும் தொடரலாம். அம்மாவுக்குச் சொல்ல "போ, உனக்கு இஞ்ச இருப்புக் கொள்ளேல்லை எண்டு எனக்குத் தெரியாதே?" எண்டா. ஆனால் அம்மாவைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடிப் போறது? மாட்டன் எண்டு எழுதப்போறன். உங்களுக்குச் சொல்லவேணும்போல இருந்தது, அவ்வளவுதான். வேற ஒண்டும் கேக்கேல்லை.

ஜெனிற்றா


திருச்சி,
17.12.2012

ஜெனிக்கு,

மாட்டன் எண்டு எழுதிப்போடாதை. எழுதியிருந்தால் திரும்ப எழுது. ஒரு மாதம் தவணை கேள்.

உன்ர கடிதத்தை வாசிச்ச நாளில இருந்து எனக்கு அம்மா கேட்ட கேள்விதான். முன் வாசல் எங்க கிடக்கு? அண்ணனை நான் உள்ள கொண்டுவந்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரியாது. என்ர தாய் இருக்கிற வீடு. ரெண்டு வருசமா "குடும்பம் இருக்கு, பிள்ளையின்ர படிப்பு இருக்கு" எண்டு சொல்லிக்கொண்டு, அந்த வீட்டின்ர ஒரு படம்கூடக் கேட்டு வாங்கேல்லை.

அத்தானிட்டச் சொன்னன். சண்டைதான். ஒருக்கா இஞ்ச இருந்து போனால் அகதிப் பதிவை வெட்டிப்போடுவாங்கள், திரும்பி வர ஏலாது எண்டு உனக்குத் தெரியும். சுவேதினி இஞ்சத்தப் பள்ளிக்கூடத்தில கெட்டிக்காரி. அவளுக்கும் உன்னைப்போல "பீரோ ஆர்?" எண்டு மற்றப் பிள்ளையள் கேக்கிற நிலைமை வரும். மூண்டு நாள் அவர் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. நாலாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க, "அங்க வீடுகள் கட்டுறாங்களாமே. கட்டினால் பெயின்ற் அடிக்கத்தானே வேணும்" எண்டார். அதுதான் அவற்ர சம்மதம்.

உனக்காக வாறன் எண்டு நினைச்சு அழாதை. உனக்காகவும்தான். ஆனால் பாதி எனக்காக. பள்ளிக்கூடம் முடிய, சித்திரைக்குள்ள வந்திடுவம். அதுவரைக்கும் சபூரா ரீச்சரையும் பக்கத்து வீட்டாரையும் அம்மாவைப் பாக்கச் சொல்லிப்போட்டு நீ போ. இந்த முறை உனக்கு நான் தலையாட்டுறன்.

இன்னொரு காரியம். அந்த ஆசிரியருக்கு எழுதிப்போட்டன், கடைசிப் பந்தி என்ர எண்டு. நல்லா ஏசி ஒரு அட்டை போட்டிருக்கிறார். கடைசியில "நீங்கள் தனியாக ஏதாவது எழுதினால் அனுப்புங்கள்" எண்டும் இருக்கு. நான் சிரிச்சுப்போட்டு வைச்சிட்டன்.

சுபா அக்கா


யாழ்ப்பாணம்,
09.06.2013

சுபா அக்காவுக்கு,

விடத்தல்தீவு எண்டு உங்கட பேருக்கு மேல்விலாசம் எழுதேக்க, பழக்கத்தில முதல் திருச்சி எண்டு எழுதிப்போட்டு வெட்டினன். நான் இருந்த இடத்தில நீங்கள். நீங்கள் வந்து இறங்கின அண்டைக்கு, ஒரு நாள் லீவில ஓடி வந்து உங்களைக் கட்டிப்பிடிச்சதுதான். ஒண்டும் கதைக்கேல்லை. எழுதினால்தான் எங்களுக்குக் கதை வரும்போல.

வேலை பரவாயில்லை. நாள் முழுக்க மற்றவையின்ர பிழை திருத்துறன். மரண அறிவித்தல்தான் கூட. ஒவ்வொண்டிலும் "அன்னாரின் இழப்பால் துயருறும்" எண்டு வருது. வாசிக்க வாசிக்க, அறிவித்தல் போட ஏலாத வீடுகளைத்தான் நினைக்கிறன். சிவப்பு மைக்காரர் ஒரு வயசான ஐயா. நான் எழுதின றோசம்மாவின்ர மகன் கட்டுரையை ஞாயிறு இதழில போட்டார். போன சனிக்கிழமை, வீட்டுப்பக்கம் வர நேரமில்லாமல், நேர றோசம்மாவிட்டப் பேப்பரைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்தன். அவ வாசிச்சிட்டு, "வெங்காயத்தை எழுதினனீ. நல்லது" எண்டா. இப்ப தாழ்வுபாட்டில இருந்து ஒரு தாய் தன்ர மகளைப் பற்றி எழுதச்சொல்லிக் கேட்டிருக்கிறா. இலுப்பைக்கடவையில இன்னும் ரெண்டு பேர். எனக்குப் புத்தகம் போடுற அவசரம் இன்னும் போகேல்லை. ஆனால் அது என்ன புத்தகம் எண்டு இப்ப கொஞ்சம் தெரியுது.

உங்கட கடிதத்தில சுவேதினியைப் பற்றி எழுதினதைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். அவள் அண்ணன்ர கோப்பையைத் திறந்து மீன் பொரியலை எடுத்துத் திண்டவள் எண்டும், நீங்கள் அடிக்கக் கையோங்க அம்மா தடுத்தவ எண்டும், அடுத்த நாளில இருந்து அம்மா கோப்பையில ரெண்டு துண்டு வைக்கிறா எண்டும். எனக்கு இது தோன்றியிருக்காது அக்கா. பிள்ளைக்குப் பசி, எடுத்துத் திண்டாள்.

இருப்பு இஞ்சயும் கொள்ளேல்லை. அறைக்காரப் பிள்ளையள் தூங்கினாலும் நான் எழும்பி நடந்துகொண்டுதான் இருக்கிறன். ஒரு பந்தி, பிறகு யன்னல், பிறகு அதே பந்தி. அது மாறாது எண்டு நினைக்கிறன். இப்ப புதுசா ஒரு கதை தொடங்கியிருக்கிறன். அண்ணன் இல்லை. அம்மாவும் இல்லை. ஒரு அக்காவும் ஒரு தங்கச்சியும், ஒரு தோணியும். பாதிக்கு வந்திட்டுது. முடிவு தெரியேல்லை. என்ன எழுதினாலும் பொய்யாக் கிடக்கு.

அதால முடிவில்லாமலே இதோட வைச்சிருக்கிறன். மன்னார் பட்டினத்தில ஒரு கடையில ரைப் அடிக்கலாம் எண்டு கேள்விப்பட்டன். நீங்கள் அடியுங்கோ. கை ஓடினால் ஓட விடுங்கோ. ஆனால் இந்த முறை கீழ உங்கட பேரையும் போடுங்கோ.

ஜெனிற்றா